செகசிற்பியார் நாடகங்களும் இசைத்தட்டும்

காப்பியங்களைக் காட்சிக்குரியன, கேள்விக்குரியன என இரு கூறாக்குதல் வடநூலார் மரபு. நாடகம் காட்சிக்குரியது, ஏனையவை கேள்விக்குரியன. நம்மவர் வழக்கும் இதற்கு மாறானதன்று. கூத்துப் பார்க்கப் போகிறோம் என்போம். புராணம் கேட்கப் போகிறோம் என்போம். கோயில் மண்டபத்திலே ஒருவர் கந்தபுராணச் செய்யுளைப் பண்ணோடு படிக்க, மற்றொருவர் பயன் சொல்ல, கண்ணை மூடிக்கொண்டு கேட்டிருந்த முதியோரை நாம் அறிவோம். அவர்களுக்குச் சூரபன்மனும் வீரவாகு தேவரும் குரலாகவே வந்தனர், வேடம் வேண்டப்படவில்லை. ஆயினும் பல பாத்திரங்கள் உலாவும் ஒரு நாடகத்தைத் திரையுமின்றி, ஒப்பனையுமின்றி, நடிகரின் முகமுமின்றிக் காதினால் மட்டும் நுகரலாம் என்று சொல்லியிருந்தால் அம்முதியோர் நகைத்திருப்பர்.

இருபதாம் நூற்றாண்டிலே மேல்நாட்டார் இதனைச் செய்து காட்டினர். பாத்திரத்துக்கொரு நடிகராகப் பலரைக் கூட்டி, நாடகம் முழுவதையும் பேசுவித்துத் தட்டிலே பதிந்தனர். இம்முயற்சியின் வரலாற்றை, ஆங்கில நாட்டுப் பெருங்கவிஞரின் நாடகங்களைப் பற்றிக்கொண்டு, இக்கட்டுரையிலே சிறிது விரித்துரைக்க விரும்புகின்றோம். காரைதீவிலே தோன்றிய விபுலாநந்த அடிகளார் 1926ஆம் ஆண்டில் மதுரைத் தமிழ்ச் சங்க வாயிலாக வெளிவந்த 'மதங்க சூளாமணி' என்னும் நூலிலே அக்கவிஞரைச் செகசிற்பியார் எனப் பெயரிட்டு வழங்கி, அவருடைய நாடகங்கள் பன்னிரண்டினை எடுத்துக்கொண்டு நாடக இலக்கணத்துக்கு எடுத்துக்காட்டாக்கினார். அப்பெயர் நமக்கு உகந்ததாதலின் அதனையே ஈண்டு நாமும் வழங்குவோம். அக்கவிஞரின் காலத்து மக்கள் 'நாடகம் கேட்டல்' என்றும் பேசினர் என்பது குறிக்கத்தக்கது. ஹம்லெத்து இளவரசன் தன் அரண்மனைக்கு வந்த நடிகரிடம் நாளை ஒரு நாடகம் கேட்போம் என்ற பொருளிலேயே உரையாடுகின்றான். ஆகவே பிற்காலத்தார் செய்தது முற்றிலும் புதுமையன்று போலும்.

எடிசன் தமது பேசும் பொறியை ஆக்கியது 1877ஆம் ஆண்டிலாகும். முதலிற் பதிந்தவை தனிக்குரல்களே. அமெரிக்காவின் பெருநடிகர் எட்வின் பூத் 1890இல் ஒதெல்லோ மூதவையின் முன் நின்று பேசும் பகுதியை மெழுகு உருளையொன்றிலே தம் மகளுக்காகப் பேசி வைத்தார். (அதிபர் லிங்கனைச் சுட்டுக் கொன்றவன் இவருடைய தம்பி என்பதை வாசகர் அறிந்திருக்கலாம்.) அவ்வொலி இன்றும் உளது, ஆனால் இரைச்சலின் நடுவே சொற்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். ஒரு நடிகரின் ஒரு பேச்சு, அதுவும் சில நிமிடம்: அக்காலத்துப் பொறிக்கு இதற்கு மேல் ஆற்றல் இருக்கவில்லை.

உருளை போய்த் தட்டு வந்த பின்னரும் இடர் தீரவில்லை. நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பன்னிரண்டு அங்குலத் தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ நான்கு நிமிடம் ஓடும். 'ஹம்லெத்து' நாடகத்தை ஒரு வரியும் குறையாமற் பேசுவதற்கு நான்கு மணி நேரமளவு செல்லும். கணக்கிட்டுப் பார்த்தால் அறுபது பக்கம், அதாவது முப்பது தட்டு வேண்டும். அவற்றைத் தூக்கி வைக்கவே ஓர் ஆள் தேவை! தட்டுகளோ அரக்கினால் ஆனவை. கைதவறினால் நொறுங்கிப் போகும். அவ்வரக்கின் பெரும்பகுதி வட இந்தியக் காடுகளிலே பூச்சிகள் மரக்கொம்புகளிற் கக்கிய பிசினே. ஆங்கில நாட்டுக் கவிஞரின் சொல் நம் அயல்நாட்டுப் பூச்சியின் பிசினிலே தங்கியிருந்தது என நினைக்கையில் ஒரு வியப்புத் தோன்றுகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே அரக்குக் கிடைப்பது அரிதாயிற்று. புதுத் தட்டுச் செய்வதற்காகப் பழைய தட்டுகளை வாங்கி அரைத்தனர். அவ்வாறு அரைபட்டுப் போன குரல்கள் எத்தனையோ!

வானொலி இதற்கு முன்னரே நாடகத்தை ஏற்றுக்கொண்டது. பி.பி.சி. நிறுவனம் 1923ஆம் ஆண்டு மே மாதம் 28ஆம் நாள் 'பன்னிரண்டாம் இரவு' நாடகத்தை ஒலிபரப்பியது. ஆனால் அது அன்றே பேசி அன்றே காற்றிற் கலந்தது. கேட்டவர் கேட்டதோடு சரி.

நாடகத்தைத் தட்டில் நிறுத்தப் பெரிதும் முயன்றவருள் ஓர்சன் வெல்ஸ் ஒருவர். இருபது வயது நிரம்புவதற்கு முன்பே, தாம் கல்வி கற்ற பள்ளியின் தலைவர் றோஜர் ஹில் என்பாரோடு கூடி, மாணவர் நடித்துக் கற்பதற்கேற்ப மூன்று நாடகங்களைப் பதிப்பித்து 1934இல் வெளியிட்டார். செகசிற்பியாரை வகுப்பறையிலே கூறுகூறாக அறுத்துக் காட்டுவது தகாது, அவர் மேடைக்கு உரியவர் என்பது அப்பதிப்பின் நோக்கம். பின்னர்த் தாம் நிறுவிய மேர்க்குரி நாடகக் குழுவினரைக் கொண்டே அந்நாடகங்களைப் பேசுவித்து, கொலம்பியாக் கொம்பனி வாயிலாகத் தட்டுகளாக வெளியிட்டார். 'யூலியஸ் சீசர்', 'பன்னிரண்டாம் இரவு', 'வெனிசு வணிகன்' ஆகிய மூன்றும் இவ்வாறு வெளிவந்தன. பள்ளி மாணவன் ஒரு கையிற் புத்தகத்தையும் மறு கையில் ஒலிப்பொறியின் ஊசியையும் வைத்துக்கொண்டு கற்கலாம். ஒரு நாடகம் பத்துத் தட்டுக்குக் குறைவதில்லை. இவ்வளவுக்கும் மூலத்திற் பல பகுதிகள் வெட்டப்பட்டிருந்தன. செவ்வாய்க் கிரகத்தார் படையெடுத்து வந்தனர் என்ற வானொலி நாடகத்தால் 1938ஆம் ஆண்டு ஒக்டோபரில் அமெரிக்கரைத் திகைக்க வைத்தவரும் இவரே. அந்நிகழ்ச்சியை யாவரும் நினைவு கூர்வர்; பள்ளிப் பிள்ளைகளுக்காக அவர் செய்த தட்டுகளை நினைப்பவர் சிலரே. நம் கருத்துப்படி பின்னையதே பெரிய பணி.

அடுத்துச் சொல்ல வேண்டியது போல் ரோப்சனுடைய 'ஒதெல்லோ'. இதனைச் சிறிது நின்று நோக்குவோம்.

ஒதெல்லோ கறுப்பு நிறத்தவன். வெனிசு நகரத்துப் படைத்தலைவன். ஆனால் இப்பாத்திரத்தை நூற்றாண்டுக் கணக்காக வெள்ளையரே முகத்திலே கரி பூசிக்கொண்டு நடித்து வந்தனர். ஐரா ஓல்ட்றிட்ஜ் என்னும் கறுப்பின நடிகர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இவ்வேடத்தைத் தாங்கிப் புகழ் பெற்றாராயினும், தாய்நாடாகிய அமெரிக்காவில் அதற்கு இடமின்மையால் ஐரோப்பாவிலேயே வாழ்ந்து மறைந்தார். ரோப்சனின் தந்தையார் அடிமையாகப் பிறந்து, இளமையிலே தப்பியோடி விடுதலை பெற்றவர். அவர் மகன் 1930இல் இலண்டன் மாநகரில் பெகி ஆஷ்குரொப்ட் அம்மையாரோடு ஒதெல்லோவாக நடித்தார். நியூயோர்க் நகரத்துப் பெருமேடையில் அவ்வேடத்தைத் தாங்குவதற்கு மேலும் பதின்மூன்று ஆண்டு செல்லவேண்டியிருந்தது. மார்கறெற் வெப்ஸ்ரர் அம்மையார் நெறிப்படுத்த, 1943ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் நாள் தொடங்கிய அந்நாடகம் 296 முறை நடைபெற்றது. அந்நகரத்து வணிக மேடையில் செகசிற்பியார் நாடகமொன்று அத்தனை முறை தொடர்ந்து நடந்தது அதற்கு முன் இல்லை. பின்னர் ஊர் ஊராகச் சென்றபோது, கறுப்பரையும் வெள்ளையரையும் வேறு வேறாக இருத்தும் அரங்குகளில் நடிக்க ரோப்சன் மறுத்துவிட்டார்.

அந்நடிகர் குழுவினரை அப்படியே கூட்டி 1944இற் கொலம்பியாக் கொம்பனி ஒலிப்பதிவு செய்தது. இயாகோவாக ஹொசே பெரர், தெஸ்திமோனாவாக ஊற்றா ஹேகன். முப்பதுக்கு மேற்பட்ட தட்டுப் பக்கங்களில் அந்நாடகம் பரந்து கிடந்தது. நான்கு நிமிடத்துக்கொருமுறை எழுந்து சென்று தட்டைப் புரட்ட வேண்டும். ஒதெல்லோவின் ஐயம் மெல்ல மெல்ல மூண்டு எரியும் அந்த நீண்ட காட்சியிலே இவ்வாறு எழுந்து எழுந்து இருந்தால் என்ன சுவை எஞ்சும் என்று கேட்கலாம். ஆனால் மேடையிலே கண்டவர்கள் அந்நடிகரின் பேருருவைக் கண்டே மலைத்தனர். தட்டிலே கேட்பவருக்குக் கிடைப்பது குரல் மட்டுமே. அக்குரலோ நிலத்தின் அடியிலிருந்து எழுவது போன்றது. அதில் உள்ள நிதானம் இயாகோவின் விரைந்த, இலேசான பேச்சோடு மோதும்போது, இருவேறு மனிதரை அன்றி இருவேறு உலகங்களையே நாம் கேட்கிறோம். நிறம் காதுக்குத் தெரியாது. ஆயினும் அங்கே நிற்பவன் அயலான் என்பது முதற் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

அத்தட்டுகளின் அருமை சில ஆண்டுகளிலே விளங்கிற்று. ரோப்சனுடைய அரசியற் கொள்கை காரணமாக அமெரிக்க அரசு 1950இல் அவருடைய கடவுச்சீட்டைப் பறித்தது. 1958 வரை திருப்பிக் கொடுக்கவில்லை. உள்நாட்டு மண்டபங்களும் அவருக்குக் கதவடைத்தன. 1957இலே கடலடித் தொலைபேசிக் கம்பி வழியாக அவர் நியூயோர்க்கில் இருந்து பாட, இலண்டனிலே மண்டபம் நிறைந்த மக்கள் கேட்டனர். ஆளைத் தடுத்து வைத்த அரசினாற் குரலைத் தடுக்க முடியவில்லை. ஒதெல்லோத் தட்டுகளும் அவ்வாறே எல்லை கடந்து உலாவின.

இனி, தட்டின் நீளம் பற்றிய சிக்கல் எவ்வாறு தீர்ந்தது எனக் காண்போம். 1948ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கொலம்பியாக் கொம்பனி நிமிடத்துக்கு 33⅓ முறை சுழலும் நீள்தட்டினை வெளியிட்டது. பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். அரக்குப் போல் எளிதில் உடையாது. இதனைப் பெரும் புதுமையாக விளம்பரம் செய்தனர். ஆனால் கண்பார்வையற்றோர் இதே வேகத்திற் சுழலும் தட்டுகளை 1934 முதலே கேட்டு வந்தனர்! அமெரிக்காவிற் பார்வையற்றோர் நலனுக்கான அறநிலையம் பேசும் நூல்களை இவ்வகைத் தட்டுகளிலே வெளியிட்டது. முதன்முதல் வெளிவந்தவற்றுட் செகசிற்பியாரின் நாடகங்களும் இருந்தன. ஆங்கில நாட்டிலே 1935இல் இப்பணி தொடங்கியது. முதலாம் உலகப் போரிற் கண்ணிழந்த வீரர் பலர் அங்கே அதற்காகக் காத்திருந்தனர். பார்வையுடைய உலகம் பதினான்கு ஆண்டு கழித்துப் பெற்ற வசதியைப் பார்வையற்றோர் முந்திப் பெற்றனர் என்பதை இசைத்தட்டு வரலாறு எழுதுவோர் பலர் ஒரு வரியிலே கடந்து போகின்றனர்.

நீள்தட்டு வந்ததும் பேச்சையே வணிகமாக்கத் துணிந்தவர் இரு இளம் பெண்கள். பார்பரா கோகன், மரியான் றோனி என்னும் அவ்விருவரும் 1952இல், இருபத்திரண்டு வயதிலே, நியூயோர்க்கிற் கேட்மன் என்ற கொம்பனியைத் தொடங்கினர். மாடு மேய்த்துத் திரிந்து பின் கவிஞனான பழைய ஆங்கிலேயன் ஒருவனின் பெயர் அது. கவிஞர் டிலன் தோமஸ் தம் பாக்களைத் தாமே படித்த தட்டு அவர்களுக்கு முதல் வெற்றியைத் தந்தது. பின்னர் 1960ஆம் ஆண்டு முதற் செகசிற்பியார் நாடகங்களையும் ஹொவார்ட் சாக்லர் நெறிப்படுத்தப் பெருநடிகரைக் கொண்டு வெளியிட்டனர். போல் ஸ்கோபீல்டின் ஹம்லெத்தும் லியர் மன்னனும் அவ்வரிசையைச் சேர்ந்தவை.

ஆயினும் நாம் பெரிதும் போற்றுவது இங்கிலாந்திலே ஆர்கோக் கொம்பனி செய்த பணியையே. ஆர்லி யூசில் என்பவர் மற்றொருவரோடு சேர்ந்து 1951இல் நிறுவிய சிறு கொம்பனி அது. 1957இலே டெக்காக் கொம்பனியின் குடையின் கீழ் வந்தது. அவ்வாண்டு தொடக்கம், செகசிற்பியாரின் நானூறாவது பிறந்த ஆண்டாகிய 1964 வரை, அவர் நாடகங்கள் அனைத்தையும் ஒரு வரியும் வெட்டாது பதிந்து முடித்தனர். பிரித்தானிய கவுன்சில் ஆதரவு தந்தது. கேம்பிரிட்ஜ் அச்சகத்தார்க்காக டோவர் வில்சன் ஆராய்ந்து பதித்த பாடமே பாடமாகக் கொள்ளப்பட்டது. நெறிப்படுத்தியவர் கிங்ஸ் கல்லூரி ஆசிரியர் ஜோர்ஜ் றைலண்ட்ஸ். பேசியவர் யார் என்று கேட்டால் வியப்பீர்கள். பெரும் பகுதியினர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவரும் பழைய மாணவருமே! அவர்களின் சங்கம் மார்லோ நாடகச் சங்கம்.

1907இலே தொடங்கிய அச்சங்கம் முதலில் அரங்கேற்றியது மார்லோவின் 'டொக்டர் பவுஸ்டஸ்'. பின்னர் முதலாம் போரில் மாண்ட கவிஞர் றூப்பர்ட் புறூக் அதிலே பேயின் வேடம் தாங்கினார். தொடக்கத்திற் பெண் வேடங்களையும் ஆண்களே தாங்கினர். நம் கூத்துக்காரருக்கு இது புதிதன்று. அச்சங்கத்திலே மரபொன்று இருந்தது: நடிகர் பெயரை நிகழ்ச்சி நிரலில் அச்சிடுவதில்லை. அரசனாக வந்தவன் யார், வாயிற்காவலனாக வந்தவன் யார் என்று பார்வையாளர் அறியார். சொல் விளங்கினாற் போதும், சொல்லுபவன் விளங்க வேண்டியதில்லை என்பது கருத்து. பேர் போட்டுக்கொள்வதற்காகவே மேடையேறுவோர் மலிந்த உலகில் இஃது அரிய பண்பே. அக்காலத்து மாணவராய் இப்பதிவுகளிற் பங்குபற்றிய இயன் மக்கெலன், டெறெக் யாக்கோபி ஆகியோர் பிற்காலத்தில் உலகறிந்த நடிகராயினர். ஐரீன் வேர்த் அம்மையார், ரொனி சேர்ச் முதலிய தொழில்முறை நடிகரும் உடன் நின்றனர்.

றைலண்ட்ஸ் வற்புறுத்தியது செய்யுளின் நடையை. உணர்ச்சியைக் கொட்டுவதாக எண்ணி அடியைச் சிதைத்துக் கத்துவது அவருக்கு ஒவ்வாது. அடியின் ஓசை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். பொருள் அதன் மேல் ஏறிச் செல்ல வேண்டும். சீர் பிரித்துப் பாடத் தெரியாதவன் தேவாரத்தை உருக்கமாகப் பாட முயன்றால் எப்படியிருக்கும் என்பதை நாம் அறிவோமாதலின் அவர் கொள்கை நமக்கு எளிதில் விளங்குகிறது. ஆயினும் குறை சொல்லாதிருக்க முடியவில்லை. அத்தட்டுகளில் எல்லோரும் ஒரே கல்லூரி முற்றத்தில் வளர்ந்தவர் போற் பேசுகின்றனர். பிரபுவும் பணியாளனும், வெனிசு நகரத்தானும் வேல்சு நாட்டானும் நாவிலே ஒரே மெருகு பூசிக்கொண்டவர் போலத் தோன்றுகின்றனர். விதூடகர் பகுதிகளிலே இது மிகவும் தெரிகிறது. கள்ளுக்கடை வாடை வீச வேண்டிய இடத்தில் நூல்நிலைய வாடை வீசுகிறது. இளைஞர் முதியவராய்ப் பேசும் இடங்களும் சில தளர்கின்றன.

இருந்தும் இதன் பெரும்பயன் மறுக்கத் தக்கதன்று. மேடையிலே எவரும் துணிந்து எடுக்காத நாடகங்கள் சில உள. 'ஏதென்சு நகரத்துத் தீமன்', 'யோன் மன்னன்', 'ஆறாம் ஹென்றி'யின் மூன்று பாகங்கள் என்பன இலண்டன் வாசிகளே வாழ்நாளில் ஒரு முறை காண்பது அரிது. கடல் கடந்த நாடுகளிற் சோதனைக்காக அந்நாடகங்களைக் குறிப்புரையோடு நெட்டுருச் செய்த மாணவருக்கு நடிகர் குழுவொன்று வந்து நடித்துக் காட்டும் என்ற நம்பிக்கை எங்கே? தட்டிலே அவை முழுமையாக இருந்தன. குறிப்புரையிலே 'இது நகைச்சுவை' என்று படித்து மனனம் செய்த வரியைக் கேட்டவுடன் சிரிப்பு வருமாயின், அதுவே அத்தட்டின் வெற்றி.

இங்கே ஒரு கேள்வி எழுகின்றது. காட்சிக்குரியதைக் கேள்விக்கு மாற்றும்போது எவை அழிகின்றன? எவை புதிதாகத் தோன்றுகின்றன? மூன்று இடங்களை எடுத்துக்கொள்வோம்.

'மக்பெத்' நாடகத்து விருந்துக் காட்சியிலே, கொலையுண்ட பாங்கோவின் ஆவி வந்து மன்னனின் இருக்கையில் அமர்கின்றது. அது ஒரு சொல்லும் பேசுவதில்லை. மேடையிலே மன்னனோடு நாமும் அதனைக் காண்கிறோம். விருந்தினர் மட்டுமே காண்பதில்லை. தட்டிலோ ஊமை ஆவிக்கு இடமே கிடையாது. வெற்றிடத்தைப் பார்த்து அலறும் ஒருவனின் குரலைக் கேட்டுத் திகைக்கும் விருந்தினருள் ஒருவராக நாமும் ஆகிவிடுகிறோம். 1794இலே இலண்டனில் ஜோன் கெம்பிள் என்னும் நடிகர் ஆவி வேடத்தை நீக்கி வெறும் நாற்காலியை வைத்து இக்காட்சியை நடித்தார். கூட்டத்தார் பலருக்கு அது பிடிக்கவில்லை. அவர் விரும்பிச் செய்ததைத் தட்டு வேறு வழியின்றிச் செய்கிறது. சிலர் ஆவி வரும்போது ஏதோவொரு விநோத ஒலியைச் சேர்ப்பதுண்டு. அது வேண்டாத வேலை.

'லியர் மன்ன'னிலே கண் பிடுங்கப்பட்ட குளொஸ்ரர் பிரபு மலையுச்சியிலிருந்து குதித்து மாள எண்ணுகிறான். அவனைக் கைபிடித்து அழைத்துச் செல்பவன், அவனால் இனங்காணப்படாத அவன் மகன் எட்கார். சமதரையிலே நிறுத்தி, இதுவே உச்சி எனப் பொய்யுரைத்து, கீழே பறக்கும் பறவைகள் வண்டளவாய்த் தோன்றுவதையும், கரையில் உலாவும் மீனவர் எலியளவாய்த் தோன்றுவதையும் எடுத்துரைக்கிறான். மேடையிலே பலகைத் தளத்தைக் காணும் நாம் அது பொய்யென்று அறிவோம். தட்டிலே நாமும் குருடர். எட்காரின் சொல்லன்றி நமக்கும் வேறு கண் இல்லை. அம்மலை நம் முன் எழுந்து நிற்கிறது! கடலோசை கேட்கிறதா என மகன் வினவ, இல்லையே என்கிறான் தந்தை. ஒலிப்பதிவாளர் ஆசை மிகுந்து அங்கே ஓர் அலையோசையைச் சேர்த்துவிட்டாற் காட்சி முழுவதும் பாழாகும். அந்த இடத்திலே ஒன்றும் சேர்க்காமல் இருப்பதே கலை. அன்றியும், உன் குரல் மாறிவிட்டதே என்று குருடன் ஐயுறுகிறான். நாமும் அதைத்தானே கவனித்துக்கொண்டிருக்கிறோம். இக்காட்சியைப் பொறுத்தவரை, பார்த்தவரிலும் கேட்டவரே பேறு பெற்றவர் என்று நாம் துணிந்து கூறுவோம்.

மூன்றாவது, 'கொரியோலானஸ்'. உரோமாபுரியை அழிக்கப் படையோடு வந்து நிற்கும் மகனிடம் தாய் மன்றாடி முடித்ததும், அவன் மௌனமாய் அவள் கையைப் பற்றுகிறான். 'மௌனமாய்' என்பது பழம் பதிப்பிலேயே உள்ள மேடைக் குறிப்பு. நாடகத்தின் உயிர்நிலை அவ்விடமே. தட்டிலே கை தெரியாது. மௌனம் மட்டுமே உண்டு. அது எவ்வளவு நீளலாம்? ஓரளவு கடந்தால், பொறி நின்றுவிட்டதோ எனக் கேட்பவர் எழுந்து வந்து பார்ப்பார்! இதற்குத் தட்டிலே மருந்து இல்லை. தாயின் பேச்சிலுள்ள களைப்பினாலும், பின்னர் மகன் வாய் திறக்கும்போது உடைந்துவரும் முதல் எழுத்தினாலும் அக்கைப்பற்றை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

காதுக்கென்றே பிறந்த நாடகமும் உண்டு. டிலன் தோமசின் 'பால்மரத் தோப்பின் கீழ்' என்னும் குரல் நாடகத்தை அவரும் ஐவரும் 1953 மே 14ஆம் நாள் நியூயோர்க்கிலே மேடையிலிருந்து படித்தனர். யாரோ ஒருவர் மேடைத் தரையில் ஒலிவாங்கி ஒன்றைக் கிடத்திப் பதிந்து வைத்தார். அன்றேல் அக்கவிஞர் தம் நாடகத்திலே தாமே பேசிய குரல் நமக்குக் கிட்டியிராது. அவ்வாண்டு நவம்பர் 9ஆம் நாள் அவர் மறைந்தார். பி.பி.சி.க்காக எழுதி முடித்த கைப்பிரதியை அவர் இலண்டனிலே மதுக்கடை ஒன்றில் மறந்து விட்டுச் செல்ல, தயாரிப்பாளர் டக்ளஸ் கிளெவெர்டன் கடை கடையாய்த் தேடி எடுத்தார் என்பர் வரலாறு எழுதியோர். 1954 ஜனவரி 25இல் றிச்சர்ட் பேர்ட்டன் முதற்குரலாக அது ஒலிபரப்பாகியது. ஆர்கோவினர் அதனைத் தட்டாக்கினர்.

தமிழுலகமும் இத்துறையிலே வாளாவிருக்கவில்லை. 1930ஆம் ஆண்டுகளிலே 'வள்ளி திருமணம்', 'கோவலன்' முதலிய நாடகங்கள் பல தட்டுகள் கொண்ட 'நாடக செட்'டாகச் சென்னையிலிருந்து வெளிவந்தன. ஆர்மோனியமும் பாட்டும் மிகுதி, வசனம் குறைவு. எனினும் பாத்திரத்துக்கொரு குரல் என்ற முறை அங்கே இருந்தது. இலங்கை வானொலியிலே 'சானா' எனப்பட்ட சண்முகநாதன் பேச்சுத் தமிழுக்கு இடமளித்து 'இலண்டன் கந்தையா' முதலிய நாடகங்களால் வீடுதோறும் மக்களைப் பெட்டியின் முன் கூட்டினார். ஒலிபரப்பானவற்றுட் பல காற்றோடு போயின. அது தனிக் கட்டுரைக்குரிய துயரம்.

காந்த நாடாவும் பின்னர்க் குறுந்தட்டும் வந்த பின் இப்பணி மேலும் பெருகியது. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே தொடங்கிய ஆர்க்கேஞ்சல் வரிசை செகசிற்பியாரின் முப்பத்தெட்டு நாடகங்களையும் முழுமையாய்த் தந்தது. திரினிடாட்டிற் பிறந்த டொமினிக் லெ ஜெண்டர் அம்மையார் அவற்றுக்கு இசையமைத்தார். இவ்வரிசையிலே பேச்சுவழக்குகள் பலவாகி, ஆர்கோவிற் கண்ட ஒரே மெருகு நீங்கிற்று. அடியின் ஓசை சிற்சில இடங்களிலே தளர்ந்ததும் உண்டு. ஒன்று வந்தால் ஒன்று போகும் போலும்.

இவற்றினும் விந்தையானது 2005ஆம் ஆண்டு ஓகஸ்டிலே கனடா நாட்டு மொன்றியல் நகரில் ஹியூ மக்குவயர் என்பார் தொடங்கிய லிப்ரிவொக்ஸ் என்னும் முயற்சி. உரிமைக்காலம் கடந்த நூல்களைத் தொண்டர்கள் வாசித்துப் பதிந்து எவர்க்கும் இலவசமாய் வழங்குகின்றனர், ஊதியமில்லை, தேர்வுமில்லை. நாடகமாயின், ஒவ்வொருவரும் தமக்குரிய பாத்திரத்தின் வரிகளை மட்டும் தம் வீட்டறையிலிருந்து தனியே பேசி அனுப்புவர். மேடைக் குறிப்புகளை ஒருவர் வாசிப்பார். தொகுப்பாளர் ஒருவர் ஆயிரக்கணக்கான துண்டுகளைக் கணினியிலே வரிசைப்படுத்தி ஒட்டுவார். ஒரு கண்டத்தில் உள்ளவர் வினவிய வினாவுக்கு மற்றொரு கண்டத்தில் உள்ளவர் அதற்குச் சில மாதம் முன்னரே விடை சொல்லியிருக்கக் கூடும்! தந்தை ஒரு நாட்டு ஆங்கிலமும் மகன் வேறொரு நாட்டு ஆங்கிலமும் பேசுவர். ஒருவர் அறையில் மழை கேட்கும், மற்றவர் அறையில் மோட்டார் வண்டி கேட்கும். காதலர் உரையாடலிலே இது சில வேளை சிரிப்பூட்டும். றைலண்ட்ஸ் கேட்டிருந்தால் முகத்தைச் சுளித்திருப்பார். அவர் 1999இலே, தொண்ணூற்றாறு வயதிற் காலமானார். மார்லோச் சங்கத்தாரைப் போல இவர்களும் காசுக்காகப் பேசுபவரல்லர். ஆனால் அச்சங்கத்து மரபுக்கு மாறாக, இன்ன பாத்திரத்தை இன்னார் பேசினார் என்ற பட்டியல் ஒவ்வொரு பதிவோடும் தவறாது சேர்க்கப்படுகிறது. அவற்றுட் சில புனைபெயர்கள்.